டேங்க்காரர் தேவசகாயம் பேசிய பதினோரு நாட்கள்

செய்யூரிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் சாலையில், சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் இலுப்பைத்தாங்கல் என்றொரு சிற்றூர். அங்கே குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பொறுப்பாளர் தேவசகாயம். ஊராட்சி வேலை. காலை ஆறு மணிக்கு வால்வைத் திறப்பார், ஏழரைக்கு மூடுவார். மாலை நாலரைக்குத் திறந்து ஐந்தரைக்கு மூடுவார். பதினேழு வருஷத்தில் ஒரு நாளும் நேரம் பிசகியதில்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் நாற்று முடி சுமந்தவர்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒரு வேலைக்குப் போன முதல் ஆள் அந்த வீட்டில் இவர்தான். அதனால் அந்தத் தொட்டியையும் மோட்டார் அறையையும் கோயில் மாதிரி பெருக்கித் துடைத்து வைத்திருப்பார்.

அவரைப் பற்றி ஊருக்கே தெரிந்த இன்னொரு விஷயம், அவர் பேச மாட்டார் என்பது. கோபமோ கர்வமோ கிடையாது. பேச்சு வராது, அவ்வளவுதான். "இன்னா அண்ணாத்த, நாளைக்கு தண்ணி வருமா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார். மோட்டார் பழுதாகியிருந்தால் ஆட்ட மாட்டார். அதை வைத்துத்தான் ஊர் குடம் கழுவி வைக்கும்.

அவர் மனைவி ரெஜினா நேர் எதிர். ஒரு செருப்புக் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. கம்பெனி பஸ்ஸில் ஏறினால் இறங்குகிறவரை அவள் குரல்தான் கேட்கும். "எங்க வூட்ல ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிடுவேன்" என்பாள். அவர்களுக்கு ஒரே மகள் ஷாரோன், மதுராந்தகத்தில் கல்லூரி படிக்கிறாள். பேச்சில் அம்மா பக்கம்.

பொங்கல் கழிந்ததும் தேவசகாயத்துக்கு இருமல் பிடித்தது. மூன்று வாரமாகியும் விடவில்லை. பொழுது சாய்ந்தால் உடம்பு காயும். லுங்கி இடுப்பில் நிற்காமல் நழுவியது. ரெஜினா ஒரு நாள் லீவு போட்டு அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சளி எடுத்துப் பார்த்ததில் டிபி என்று வந்தது.

இரண்டு நாளில் தமிழ்வாணன் பைக்கில் வந்து இறங்கினான். காசநோய்ப் பிரிவில் வேலை, முப்பது வயது. அந்தத் தாலுகாவில் யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டு நாய் குரைத்துவிட்டு விட்டுவிடும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை எடுத்தான். மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை.

"பயப்பட ஒண்ணுமில்லண்ணே. ஆறு மாசம். ஒரு நாளும் வுடாம சாப்டணும். மூத்திரம் செவப்பா போவும், அது மருந்து கலரு. அதுக்கு பயந்துகினு ஓடியாந்துடாதீங்க" என்றான். காலையில் வெறும் வயிற்றில் விழுங்கப் பெரிய சிவப்பு மாத்திரைகள். கூடவே பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரை. "இது சத்து மாத்திரை. இதையும் மறக்கக் கூடாது."

தேவசகாயம் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் சிவப்பு மாத்திரைகளை வரிசையாக விழுங்கிவிட்டு, வெள்ளை மாத்திரையை உள்ளங்கையில் வைத்து யோசித்தார். நோய்க்கு மருந்து, சரி. சத்து யாருக்கு வேண்டும்? நாளெல்லாம் நின்று வேலை செய்து, வீட்டுக்கு வந்ததும் கால் விரல் மரத்துப்போகிறது என்று நீவிக்கொண்டு உட்காருகிறவள் ரெஜினா. அவளுக்கல்லவா வேண்டும்! காபி டம்ளரோடு அந்த மாத்திரையையும் அவளிடம் நீட்டினார்.

"இன்னாயா இது?"

"சத்து."

அன்று அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். நோயாளியின் வீட்டாருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்போல என்று நினைத்து ரெஜினாவும் விழுங்கினாள். தினமும் காபியோடு அது வந்துகொண்டிருந்தது. கால் மரப்பும் கொஞ்சம் குறைந்தாற்போலத்தான் இருந்தது.

மருந்து கேட்டது. மூன்றாவது வாரம் காய்ச்சல் நின்றது. இருமல் அடங்கியது. பசி வந்தது. ஆறு வாரத்தில் ஆள் தெளிந்துவிட்டார்.

அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, வால்வைத் திறந்துவிட்டு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார் தேவசகாயம்.

"ரெஜினா, இந்த ஊரு தண்ணிக்கு இன்னா ருசி தெரியுமா? கெழக்கு போர்ல வெள்ளரிக்கா வாசன கீது. மேக்கு போர்ல ஆணி வாசன. ரெண்டும் கலந்து டேங்க்ல ஒரு நாள் ஊறிச்சின்னா அதான் நம்ம ஊரு தண்ணி. பதினேழு வருசமா நெனச்சினே கீறேன், ஒர்த்தங்கிட்ட சொன்னதில்ல!"

ரெஜினா தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள். தோசை கருகியது. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒன்று வந்ததே இல்லை. அவர் நிறுத்தவில்லை. மோட்டார் சத்தத்திலிருந்து பெண் பார்க்க வந்த அன்று அவள் கட்டியிருந்த ஊதாப் புடவை வரைக்கும் பேசினார். கம்பெனி பஸ் போய்விட்டது. அவள் ஷேர் ஆட்டோ பிடித்துத் தாமதமாகப் போய் இறங்கி, "எம் புருசன் பேசிட்டாரு, அதான் லேட்டு" என்றாள். சூப்பர்வைசர் உட்பட யாரும் நம்பவில்லை.

அடுத்த நாள், கிறிஸ்துமஸ் பஜனைக்குப் பயன்படுத்துகிற கை மைக்கைக் கோயிலில் கேட்டு வாங்கிவிட்டார். அன்றிலிருந்து இலுப்பைத்தாங்கலில் தண்ணீர் வருவதே ஒரு திருவிழாவாகிவிட்டது.

"அன்பார்ந்த பெருமக்களே! தண்ணி தொறந்தாச்சு! மொதல்ல குடிக்கப் புடிங்க, அப்பறமா தொவைக்கப் புடிங்க. கோடித் தெரு பன்னீர்செல்வம், உன் வூட்டு கொழா ஒழுவுது, வாஷரு மாத்து நைனா!"

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. குடம் நிரம்பிய பிறகும் பெண்கள் குழாயடியைவிட்டு நகரவில்லை. பன்னீர்செல்வம் அன்றைக்கே வாஷர் மாற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தர்பூசணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மதுராந்தகத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே ரெஜினாவின் அண்ணன் ஜெபக்குமார் பேட்டரிக் கடை வைத்திருந்தான். அவனுடைய புது வீட்டுப் பால் காய்ச்சுகிற பத்திரிகையில் தேவசகாயம் பேரைப் போடவில்லை என்று ஆரம்பித்த சண்டை, ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தேவசகாயம் நேராக அவன் வீட்டுக்குள் போய்த் தர்பூசணியை இறக்கிவைத்து, "மச்சான், நாஸ்தா ரெடியா?" என்றார். ஜெபக்குமார் இட்லி எடுத்து வைத்தான். பன்னிரண்டு இட்லி உள்ளே போனதாகக் கேள்வி.

மேட்டுத் தெருவில் பூவாயி என்ற அம்மாள் ஆடு வளர்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். ஊரின் கடைசி வீடு, மேடு வேறு. எட்டு வருஷத்துக்கு முன் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். அதில் இதுவரை காற்றுதான் வந்திருக்கிறது. அவள் முன்னால் நின்று தேவசகாயம் மைக்கிலேயே அறிவித்தார்: "பூவாயிம்மா, ஈஸ்டர் முடிஞ்சி ஒரு மாசத்துல உன் கொழால தண்ணி வரும். இது டேங்க்காரன் வாக்கு!"

ரெஜினா முதல் ஐந்தாறு நாள் மிதந்துகொண்டிருந்தாள். அதன் பிறகுதான் சில விஷயங்கள் உறுத்தின. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறார். ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்தது முட்டிக்கொண்டு வருகிறது. மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை, ஆனாலும் களைப்பில்லை. பத்தாவது நாள் அவள் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்:

"டேங்க் பேசுது ரெஜினா. நாம பேசறதெல்லாம் உள்ள கீற தண்ணி கேட்டுகினு கீது."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

ஊர் அதற்குள் கட்சி பிரிந்துவிட்டது. பரிசுத்த ஆவி இறங்கியிருக்கிறார் என்றனர் சிலர். தோப்பில் ஏதோ காற்று பட்டுவிட்டது, மந்திரித்துக் கயிறு கட்டு என்றனர் சிலர். ரெஜினா இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை லீவு சொல்லி டாக்டரிடம் காட்டுவது என்று மனசுக்குள் முடிவு செய்துவைத்தாள்.

திங்கட்கிழமை வரை பொறுக்கவில்லை. பதினோராம் நாள் ஞாயிறு காலை, தேவசகாயம் வால்வைத் திறந்தார், மோட்டாரையும் போட்டார், மைக்கை எடுத்துக்கொண்டு நாற்பதடி இரும்பு ஏணியில் ஏறித் தொட்டியின் தலையில் போய் நின்றுவிட்டார். தொட்டி நிரம்பி நான்கு பக்கமும் அருவியாகக் கொட்டியது. கீழே பிள்ளைகள் கும்மாளமாகக் குளித்தார்கள்.

"மதுராந்தகம் ஏரி வந்துகினு கீது! நா கூப்ட்டேன், வந்துகினு கீது! எல்லாரும் வழி வுடுங்க!"

முதலில் சிரித்தவர்கள், அவர் விளிம்புக்கு வந்து இரண்டு கையையும் விரித்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். பன்னீர்செல்வம் ஏணியில் காலை வைத்தான். மேலேயிருந்து, "ஏறாத! தண்ணிக்கு புடிக்காது!" என்று கத்தியபடி அவர் இன்னும் ஓரத்துக்கு நகர்ந்தார்.

ரெஜினா ஓடி வந்து பன்னீர்செல்வத்தின் சட்டையைப் பிடித்து இறக்கினாள். ஷாரோன் அழுதுகொண்டே தமிழ்வாணனுக்குப் போன் போட்டாள். ரெஜினா மேலே பார்த்தாள். கெஞ்ச வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் கையிலிருந்த செல்போனில் மணி தெரிந்தது. கம்பெனி பஸ்ஸில் எல்லோரையும் அடக்குகிற அந்தக் குரலில் கத்தினாள்:

"யோவ்! மணி ஏழரை! வால்வு யாரு மூடறது?"

கைகள் இறங்கின. "ஏழரயா?"

"ஏழரதான்! கோடித் தெருவுல தண்ணி வீணா ஓடிகினு கீது. இன்னா ஆபரேட்டர்யா நீ?"

தேவசகாயம் மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி, ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்து இறங்கினார். யாரையும் பார்க்காமல் வால்வுக் குழிக்குப் போனார், சாவியைப் போட்டு முழுச் சுற்றுகளும் திருப்பி மூடினார். நிமிர்ந்தபோது ரெஜினா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறவரை அந்தப் பிடியை அவள் விடவில்லை.

இருபது நிமிஷத்தில் தமிழ்வாணன் வந்துவிட்டான். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது. தேவசகாயம் ஐந்து நிமிஷம் பேசியதை நின்று கேட்டான். ஒரு இடத்திலும் அவன் சிரிக்கவில்லை.

"எத்தினி நாளா இப்டி கீறாருக்கா?"

"பதினோரு நாளு."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே."

"சந்தோசமா இருந்தாரு தம்பி. புருசன் சந்தோசமா கீறாருன்னு யாராவது ஆஸ்பத்திரிக்கு போன் போடுவாங்களா?"

தமிழ்வாணன் வாடகை வேனுக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பினான். "மருந்தால கூட இப்டி ஆவும். ரொம்ப கொஞ்ச பேருக்குத்தான். காத்தும் இல்ல கருப்பும் இல்ல. நாளைக்குன்னு வெக்க வேணாம், இப்பவே கெளம்பலாம்" என்றான்.

வாடகை வேனில் கிளம்பினார்கள். மதுராந்தகம் வரை தேவசகாயம் பேசினார். ஏரிக்கரை வந்ததும் ஜன்னலில் கையை நீட்டி, "நா வந்துட்டேன், நீ வரவேணாம்" என்று ஏரியிடம் சொன்னார். அதன் பிறகு செங்கல்பட்டு வரை டிரைவருக்குக் குழாய் வாஷரில் எத்தனை வகை என்று விளக்கினார்.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். அவர் தேவசகாயத்தின் பேச்சை இடைமறிக்காமல் கேட்டார். மருந்து அட்டைகளைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத் தீர்ந்திருந்தது.

"இந்த வெள்ளை மாத்திரையும் தினமும் போட்டீங்களா?"

"இல்ல டாக்டரம்மா" என்றார் தேவசகாயம் பெருமையாக. "அது சத்து மாத்திர. எனக்கெதுக்கு? ரெஜினாவுக்குதான் காலு மரத்துப் போவுது. தெனம் காபியோட அதுக்கு குடுத்துட்டேன். ஒரு நாளு வுட்டதில்ல."

ரெஜினா, "ஐயோ பாவி மனுசா" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பக்கத்திலிருந்த ஷாரோனுக்கே தெரியவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சிவப்பு மாத்திரையில் ஐசோனியசிட் என்று ஒரு மருந்து இருக்கிறது. அது டிபி கிருமியை அடிக்கும். கூடவே உடம்பிலுள்ள ஒரு வைட்டமினையும் இழுத்துவிடும். அதை ஈடுகட்டத்தான் வெள்ளை மாத்திரை. அது இல்லாமல் போனால் சிலருக்குக் கை கால் மரக்கும், அபூர்வமாகச் சிலருக்கு மனம் இப்படித் தலைகீழாக ஓடும். "வெள்ளை மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டும் வந்தவங்க உண்டு. அதனால இது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா சரியாயிடும். அது உறுதி."

அந்த ஒரு மருந்தை நிறுத்தி, வேறொன்றைச் சேர்த்து டிபி சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். வைட்டமினை நிறையக் கொடுத்தார்கள். மனம் அடங்கவும் தூங்கவும் மாத்திரை. ஒன்பது நாள் வார்டில் இருந்தார். மூன்றாம் நாள் தூங்க ஆரம்பித்தவர், இருபது மணி நேரம் தூங்கினார். ஜெபக்குமார் தினமும் இட்லிப் பாத்திரத்தோடு ரயிலேறி வந்தான்.

ஏழாம் நாள் காலை தேவசகாயம் கண் திறந்து வெகுநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ரெஜினா, நா இன்னாலாம் பண்ணேன்?"

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். மைக் பற்றிச் சொன்னபோது துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பன்னிரண்டு இட்லிக்குத் துண்டு குலுங்கியது. உள்ளே சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. தொட்டி மேல் நின்றதைச் சொன்னபோது துண்டு அசையவில்லை. அவள் அவர் காலைப் பிடித்து அழுத்திக்கொண்டு, அடுத்த கதைக்குப் போனாள்.

இதற்கிடையே ஜெபக்குமார் வந்து உட்கார்ந்தான். பழைய தேவசகாயமாகத் தலையைக் குனிந்துகொண்டவரிடம், "மச்சான், சண்டய திரும்பவும் ஆரம்பிக்கறதுன்னா இப்பவே சொல்லிடு. இட்லிய நா துன்னுட்டு போறேன்" என்றான். தேவசகாயம் தட்டை முன்னால் நகர்த்தினார்.

ஊருக்குத் திரும்பப் பயந்தார். குழாயடியில் எப்படி நிற்பது? முதல் நாள் மாலை தலை நிமிராமல் வால்வைத் திறந்தார். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள். "இன்னா அண்ணாத்த, மைக்கு ரிப்பேரா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் காது சிவந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் முள் எதுவும் இல்லை என்பது அவருக்கே விளங்கியது.

அடுத்த வாரம் பூவாயி வந்துவிட்டாள். "தம்பி, டிரம்மு கழுவி வெச்சிட்டேன். ஈஸ்டரும் முடிஞ்சிது. எப்ப வரும்?"

தேவசகாயத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நா ஒடம்பு சரியில்லாம சொன்னதும்மா" என்று மென்று விழுங்கினார்.

"ஒடம்பு சரியில்லாதப்ப சொன்னா பொய்யாயிடுமா? தண்ணி வருமா வராதா, அத சொல்லு."

அன்று சாப்பிடும்போது ரெஜினாவும் அதையே கேட்டாள். "நெசமா சொல்லுயா. மேட்டுத் தெருவுக்கு தண்ணி ஏறுமா ஏறாதா?"

"ஏறும்" என்றார் தேவசகாயம்.

பள்ளிக்கூடம் பின்னால் குழாய் பிரிகிற இடத்தில் ஒரு கேட் வால்வு வைத்தால் போதும். பள்ளத்துத் தெருக்களை அடைத்துவிட்டு அரை மணி நேரம் மேட்டுக்கு மட்டும் விடலாம். ஆறு வருஷமாக அவருக்கு இது தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதென்றால் நாலு பேர் முன்னால் எழுந்து நிற்க வேண்டுமே!

"அட பாவி" என்றாள் ரெஜினா, அந்த மாதத்தில் இரண்டாவது முறையாக.

மே ஒன்றாம் தேதி கிராமசபைக் கூட்டம். தேவசகாயம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் எழுந்ததும் கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று தமிழ்வாணனே பாதி எழுந்துவிட்டான். அவர் சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். ரெஜினா முன்வரிசையில் உட்கார்ந்து, பேசு என்று கண்ணால் அதட்டினாள். மொத்தம் நாலு வாக்கியம் பேசினார். எங்கே வால்வு, என்ன அளவு, எவ்வளவு நேரம் விட வேண்டும், யாருக்கும் அதனால் நஷ்டமில்லை என்பது. உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். எதிர்த்துச் சொல்ல யாருக்கும் ஒன்றுமில்லை. மூன்று வாரத்தில் வால்வு வந்தது.

தண்ணீர் வந்த அன்று பூவாயி வீட்டுக் குழாய் முதலில் நாலைந்து முறை சீறியது. துருத் தண்ணீராகக் கொஞ்சம் துப்பியது. பிறகு கையளவு கனத்தில் நின்று விழுந்தது. பூவாயி ஆடுகளுக்கெல்லாம் ஒரு வாய் காட்டிவிட்டுத்தான் டிரம்மை வைத்தாள்.

ஆவணியில் சிகிச்சை முடிந்தது. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. எடை எட்டுக் கிலோ கூடியிருந்தது. மனசுக்கான மாத்திரையையும் டாக்டர் ஏற்கெனவே குறைத்துக் குறைத்து நிறுத்தியிருந்தார். "இனிமே எதுக்காவது வரணும்னா உங்க சம்சாரம் சொல்லட்டும்" என்று சிரித்து அனுப்பினார்.

செங்கல்பட்டு மருத்துவமனையை விட்டு வெளியே வந்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. பஸ் நிலையத்தில் மாமல்லபுரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ரெஜினா அதையே பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவள் மாமல்லபுரம் பார்த்ததில்லை. தேவசகாயம் அவள் பார்வையைப் பார்த்தார். சாயங்காலம் வால்வைத் திறக்கச் சொல்லிப் பன்னீர்செல்வத்துக்குப் போன் போட்டுவிட்டு அவர் முன்னால் ஏறி, ஜன்னல் ஓரத்தில் அவளுக்கு இடம் பிடித்தார்.

கற்கோயிலைச் சுற்றிப் பார்த்தார்கள். பாறையில் செதுக்கிய யானையின் முன்னால் நின்று, "இத்த செதுக்கனவன் எவ்ளோ நேரம் பேசாம இருந்திருப்பான்!" என்றாள் ரெஜினா. கடற்கரையில் வறுத்த மீன் வாங்கித் தின்றார்கள். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலையில் கால் நனைத்தபடி, கம்பெனிக் கதை, ஷாரோனுக்கு வந்திருக்கிற இன்டர்வியூ, அண்ணன் வீட்டு நாய் என்று ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். தேவசகாயம் பக்கத்தில் நடந்தார். அவள் மூச்சு வாங்க நின்ற இடத்தில், "மீனுக்கு உப்பு ஜாஸ்தி" என்றார்.

"ஆமாயா" என்று ரெஜினா ஒத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.